ராகு காலம் வராத வீதி

மயில்சாமி தன் மஞ்சள் காருக்கு முன்பக்க பிரேக் மாற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, கோயமுத்தூரில் பொன்வேல் நகர் மூன்றாவது வீதிக்கு ஏழு மாதம் ராகு காலமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, வராமல் இருந்தால் நல்லதுதானே என்று இருந்துவிட்டார்கள். அத்தனை பேருடைய ராகு காலத்தையும் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருந்தான், அதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் ஆசைப்பட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. பெண்டாட்டி யசோதா அந்தக் காரில் தன் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இரண்டே கதவு, தரையோடு தரையாக ஓடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. வாங்கிய புதிதில் கோத்தகிரி போய்விட்டு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்க பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்க, வண்டி ஓரத்து மண்மேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. யசோதா கதவைத் திறந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். அவன் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது, தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"நிக்கத் தெரியாத வண்டில நான் ஏறமாட்டேனுங்க. மொதல்ல அது நிக்கட்டும். அப்புறம் ஏறறேன்."

நிற்கட்டும் என்றுதான் அவன் பந்தய வண்டிக்காரர் ஒருவர் கழற்றிப் போட்ட இரண்டு சிவப்புக் காலிப்பர்களைத் தேடிப் பிடித்தான். காலிப்பர் என்றால் சக்கரத்துக்குள் சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற இரும்புக் கை, அவ்வளவுதான். பழையதில் ஒரு பிஸ்டன், இதில் ஆறு. பம்புசெட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுக்கிறவன் என்பதால், பம்பு வரைகிறவனுக்கு பிரேக் என்ன பெரிய வித்தையா என்ற நினைப்பு அவனுக்கு. போர்ட்டிகோவில் காரை ஏற்றி, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, காலை டிபன் முடித்ததும் ஆரம்பித்தான்.

அன்றைக்கு எதுவும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. பழைய போல்ட் துருவேறி இறுகிக் கிடந்தது, மண்ணெண்ணெய் விட்டான், தட்டினான், ஸ்பேனருக்குக் குழாய் மாட்டித் தொங்கினான், ஸ்பேனர் நழுவி விரல் முட்டியைப் பெயர்த்தது. ஹோஸைக் கழற்றினால் பிரேக் ஆயில் சட்டையெல்லாம் கொட்டியது. துடைக்கத் துணி தேடி வந்து பார்த்தால் ஆயில் பட்ட இடத்தில் மஞ்சள் பெயின்ட் உரிந்து நின்றது. சாப்பிடக் கூப்பிட்ட யசோதாவிடம் எரிந்து விழுந்தான், பிறகு அதற்காக வேறு தன்மேல் எரிந்துகொண்டான்.

இப்படி மல்லுக்கட்டிப் பழையதை இறக்கி முடிக்கும்போது சாயங்காலம் நாலு தாண்டிவிட்டது. அப்போதுதான் எதிர்வீட்டு குப்புராஜ் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், வீதி சங்கத்துக்குத் தலைவர், பல்லி விழுந்தால்கூட என்ன பலன் என்று அவரிடம்தான் கேட்பார்கள்.

"தம்பி, நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள புதுச் சாமானத்துல ஒரு போல்ட்டாவது மாட்டிருங்க. அப்புறம் மாட்டுனா வெளங்காது."

மயில்சாமிக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒருத்தர் பக்கத்திலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், நம்பிக்கை இல்லாதவனுக்கும் கை பதறும். குங்குமம் வைத்த காலிப்பர் இரண்டும் துணிமேல் கிடந்தன. இடது எது, வலது எது என்று பார்த்து எடுக்க அவகாசமில்லை. கைக்கு அகப்பட்டதைத் தூக்கி வலதுபக்கம் வைத்து, நேரம் பிறப்பதற்குள் முதல் போல்ட்டைத் திருகிவிட்டான். குப்புராஜ், "இனிப் பயமில்ல" என்றார்.

மிச்சம் இருந்தது ஏர் எடுக்கிற வேலை. ஹோஸைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும், காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருத்தர் காலிப்பரில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். யசோதா சேலையைச் செருகிக்கொண்டு ஸ்பேனரோடு சக்கரத்துப் பக்கம் குந்தினாள். "வண்டிக்குள்ள ஏறமாட்டேன்னுதான் சொன்னேன், பக்கத்துல உட்காரமாட்டேன்னு சொல்லல" என்றாள்.

மயில்சாமி சீட்டில் உட்கார்ந்து மிதித்தான். "திற" என்றான். அவள் திறக்கவில்லை. "திற கண்ணு" என்றான். பதில் இல்லை. "காதுல விழுகுதா இல்லியா" என்று கத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தால், யசோதா ஸ்பேனரைப் பிடித்த கையோடு அப்படியே இருந்தாள், முந்தானை பறந்த இடத்திலேயே நின்றது, குப்புராஜ் காது குடைந்த விரலோடு நின்றார், எதிர்வீட்டுக் குழாயில் தண்ணீர் பாதியில் நின்றது, காகம் ஒன்று மின்கம்பிக்கு ஒரு முழம் மேலே சிறகை விரித்தபடி நின்றது. வீதி முழுக்க நின்றிருந்தது. வீதிக்கு வெளியே அன்னூர் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் பயந்து காலை எடுத்தான். காகம் கம்பியில் உட்கார்ந்தது.

"மிதிக்கிறேன்னீங்க, மிதிக்கலியா?" என்றாள் யசோதா.

"மிதிச்சுட்டேதான் இருக்கேன். நீதான் திறக்கல."

"நீங்க சொன்னாத்தான திறப்பேன்."

திரும்ப மிதித்தான், திரும்ப நின்றது. அவனுக்கு ஆச்சரியத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. மிதித்தால் திறக்கிற ஆள் நின்றுவிடுகிறாள், திறக்க ஆள் வேண்டுமென்றால் மிதிக்கக் கூடாது, பிறகு எந்த ஜென்மத்தில் ஏர் எடுப்பது? பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் கட்டை கொடுத்துப் பார்த்தான். கட்டைக்கு வீதி நிற்கவில்லை, மனுஷன் காலுக்குத்தான் நின்றது. யசோதா நிப்பிளைத் திறந்தாள், ஆயில்தான் வந்தது, காற்று வரவே இல்லை. விட்டு, மிதித்து, கத்தி, கட்டை கொடுத்து, திறந்து, மூடி, திரும்ப மிதித்து, அவன் ஓய்ந்தபோது குப்புராஜ் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, வீதிமுனை டீக்கடைக்குப் போய் மணி கேட்டுவிட்டு ஓடிவந்தார்.

"தம்பி, மணி ஆறாச்சு. என்ற வாச்சு அஞ்சுதான் காட்டுது. ராகு காலம் நம்ம வீதிக்குப் பாதிக்குமேல வராமயே போயிருச்சு."

மறுநாள் காலை ஏழரைக்கு அவரே வந்து கேட்டைத் தட்டினார். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்கு. "சித்த மிதிங்க தம்பி, நெசந்தானான்னு பார்த்துருவோம்." நிஜம்தான். ஒன்பது மணிக்கு அவன் காலை எடுத்தபோது, குப்புராஜ் 'பார்த்துருவோம்' என்ற வாயை அப்போதுதான் மூடினார்.

அதற்குப் பிறகு வீதி அதை ஏற்றுக்கொண்ட வேகம் இருக்கிறதே, புதுக் குடிநீர் இணைப்பைக்கூட அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டதில்லை. வீதியில் எல்லோரும் சாயங்காலம் ஒருதடவை கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளப் பழகினார்கள், அலுவலகத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பப் பழகினார்கள், சிலிண்டர்காரரும் கூரியர்காரரும் காலை உள்ளே வைத்தால் நின்றுபோகிறோம் என்று தெரிந்து வீதிமுனை டீக்கடையில் பெஞ்சு போட்டு உட்காரப் பழகினார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அக்கடா என்று இருக்கலாம், ராகு காலத்தில் அது பொங்காது. வெயில் தாங்காத மதியத்தில் கரன்ட் போனால், "மயில்சாமி தம்பி, கரன்ட் வர்ற வரைக்கும் சித்த மிதிங்" என்று மாடியிலிருந்து குரல் வரும். ராகு காலமே தீண்டாத வீதி என்று பெயர் பரவி, பொண்ணு பார்க்கிறவர்கள் இந்த வீதிப் பொண்ணுகள்தான் வேண்டும் என்றார்கள். எந்த வரனுக்கும் பிடிகொடுக்காமல் இருந்த, எதிர்வரிசை ரங்கநாயகி அக்காவின் மகளுக்குக்கூட ஈரோட்டு மாப்பிள்ளை தகைந்து வந்தது. சக்கரத்தை மாட்டினால் வித்தை போய்விடுமோ என்று வீதியார் மாட்டவும் விடவில்லை. வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது.

வேறு யாராவது முறை வைத்து மிதிக்கலாமே என்று மயில்சாமி ஒருதடவை சங்கக் கூட்டத்தில் கேட்டான். குப்புராஜுக்கு முட்டி வலி. ரங்கநாயகி அக்காவுக்கு வண்டி வாசமே ஆகாது. மற்றவர்களுக்கு வேறு வேறு சாக்கு. மிதிக்கிறவன் ராகு காலத்தை உள்ளே உட்கார்ந்து முழுசாக அனுபவிக்க வேண்டும் என்பதுதான் விஷயம், அதை யாரும் வாயால் சொல்லவில்லை.

"உங்க ஜாதகத்துல ராகு நல்ல எடத்துல உட்கார்ந்திருக்கான் தம்பி, உங்களுக்கு ஒண்ணும் பண்ணமாட்டான்" என்றார் குப்புராஜ். "சும்மா உட்கார்ந்திருக்கறதுதான, என்ன கஷ்டம்?"

சும்மா உட்கார்ந்திருப்பது என்ன கஷ்டம் என்று கேட்கிறவர்களை ஒருநாள் அந்த சீட்டில் உட்கார வைக்க வேண்டும். நேரம் முடிந்தது என்று வீதிமுனை டீக்கடைக்காரர் குரல் கொடுக்கும்வரை கால் எடுக்கக் கூடாது, கால் மரத்தாலும் எடுக்கக் கூடாது. போன் எடுத்துப் பார்த்தால் அதுவும் நின்றிருக்கும். பேசினால் கேட்க ஆளில்லை. தூசு கூட விழாது. சூரியன் மட்டும் நிற்கவில்லை, அது வீதியைச் சேர்ந்ததில்லை. அது மேலே நகர நகர, நின்றவர்கள் முகத்தில் நிழல் நகரும், வெயில் நகரும். ஒரு வெள்ளிக்கிழமை யசோதா துணி உலர்த்தும்போது நின்றுபோனாள். முதலில் நிழலில்தான் இருந்தாள், பிறகு வெயில் அவள் கன்னத்துக்கு வந்தது, கண்ணுக்கு வந்தது, கண் சிமிட்டாமல் சிரித்த முகத்தோடு அவள் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வீதிக்குள் ஒரு வீட்டில் காதுகுத்து, காலை எடுத்தால் சண்டைக்கு வருவார்கள். எழுந்துபோய் ஒரு துண்டை எடுத்து அவள் தலையில் போட முடியாமல், பெடலில் கால் வைத்தபடி அவன் பல்லைக் கடித்தான். பன்னிரண்டு அடித்ததும், "என்னமோ மொகம் எரியுதுங்க" என்றாள் அவள்.

அவனுக்கு மட்டும் நரைத்தது. அவனுக்கு மட்டும் நகம் சீக்கிரம் வளர்ந்தது. கம்பெனியில் வேலை நிலுவை விழுந்து மேனேஜர் திட்டினார். "டாக்டர்கிட்டப் போலாமுங்களா" என்று யசோதா கேட்டாள். அவன் விளக்கிச் சொன்னான், அவளும் கேட்டுக்கொண்டாள், ஆனால் கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துபோகிற ஒன்றை எப்படிச் சொன்னால்தான் இன்னொருத்தருக்கு விளங்கும்?

இதற்கு நடுவில்தான் தப்பு எங்கே என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை ரங்கநாயகி அக்கா தன் வராந்தாவில் தண்ணீர்க் கேனைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது நின்றார்கள். கேனுக்குள் ஒரு பெரிய காற்றுக் குமிழி மேலே போகிற வழியில் நின்றது. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் மயில்சாமி ராகு காலம் முழுக்க அந்தக் குமிழியையே பார்த்தான். காற்று மேலேதான் போகும். அப்படியானால் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். காலை எடுத்ததும் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தான், இரண்டு காலிப்பரிலும் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடதை வலதில் மாட்டியிருக்கிறான், வலதை இடதில். ராகு காலத்துக்கு முன்னால் மாட்டிவிட வேண்டுமென்ற அவசரத்தில் மாட்டியது. காற்று உச்சியில் உட்கார்ந்துகொண்டு இத்தனை நாளும் வெளியே போக வழியில்லாமல் இருந்திருக்கிறது. அவன் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். இரண்டையும் இடம் மாற்றி நிப்பிளைத் திறந்துவிட்டால், மிதிக்கவே வேண்டாம், ஆயில் தன் கனத்தில் இறங்கிக் காற்றைத் தள்ளிவிடும். ஒருவேளைச் சோற்று நேரத்து வேலை.

குப்புராஜிடம் போய்ச் சொன்னான். "நல்லது தம்பி, தாராளமாப் பண்ணுங்க" என்றார் அவர். "ரங்கநாயகி பொண்ணு கல்யாணம் முடியட்டும். அந்த நிப்பிள் எங்க ஓடிப்போயிரப் போகுது." கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கிரகப்பிரவேசம் வந்தது, அது முடியட்டும் என்றார்கள். ஒரு வளைகாப்பு வந்தது. இந்த மாசம் மட்டும் என்றார்கள். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். வீதியில் ஒருத்தரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிப் பழகாதவன் அவன், அதுதான் அவனுடைய ஒரே ஜாதகக் கோளாறு. யசோதாவும், "கல்யாணம் கழியட்டுமுங்க, நாலு பேர் சாபம் நமக்கெதுக்கு" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, குப்புராஜ் வழக்கம்போல வாசலில் நின்று கையைத் தூக்கினார். யசோதா காபி டம்ளரைக் கார் ஜன்னல் வழியாக நீட்டி, எதிர்வீட்டுப் பூனை தன் காலடியிலேயே படுத்துக்கொண்டு நகர மறுக்கிறது என்று ஏதோ சொன்னாள், மயில்சாமி டம்ளரை வாங்கிக்கொண்டு சிரித்தான். குப்புராஜ் கையை இறக்கினார். யசோதாவுக்குக் கண் ஒருதடவை இமைத்த நேரம்தான். எதிரே அதே முகம்தான் இருந்தது, ஆனால் சிரிப்பு இல்லை. கண் சிவந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கிய தடம் காய்ந்திருந்தது. சிரித்த முகம் ஒன்று இமைக்கிற நேரத்துக்குள் அழுது முடித்து, காய்ந்தும் போயிருந்தது. அவன் கையில் இருந்த காபி அப்படியே ஆறி ஆடை கட்டியிருந்தது.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் புதன்கிழமை, ராகு காலம் உச்சிப் பன்னிரண்டுக்கு. குப்புராஜ் கையைத் தூக்கப் போகும்போது யசோதா வாசல்படி இறங்கி வந்து, காரின் இடதுபக்கக் கதவைத் திறந்து, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"ஏறமாட்டேன்னியே" என்றான் மயில்சாமி.

"இது எங்க போகப்போகுது. சக்கரமே இல்ல."

"அம்முணி, நேரம் பொறக்கப் போகுது, எறங்கிருங்க" என்று குப்புராஜ் பதறினார். அவள் கதவைச் சாத்தினாள். மயில்சாமி மிதித்தான்.

முதலில் அவள் எல்லாவற்றையும் சுட்டிக்காட்டிப் பேசினாள். குப்புராஜின் திறந்த வாய்க்குள் தெரிந்த தங்கப் பல்லைப் பார்த்துச் சிரித்தாள். ரங்கநாயகி அக்கா தூக்கிய முறத்திலிருந்து பறந்து நின்ற தவிட்டைப் பார்த்து அழகாயிருக்கிறது என்றாள். பேச்சு தீர்ந்தது. வெயில் முறத்தின் விளிம்பிலிருந்து அக்காவின் நெற்றிக்கு வந்தது. யசோதா கை விரலை ஒவ்வொன்றாகச் சொடுக்கினாள், அந்தச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரமுங்க?"

"இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு."

வெயில் அக்காவின் மூக்குக்கு இறங்கியது. யசோதா அவன் பக்கம் திரும்பி, காதோரத்து நரையைப் பார்த்தாள்.

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

"நான் அங்க நின்னுட்டு இருக்கறப்ப, நீங்க இங்க உட்கார்ந்து என்னையவே பார்த்துட்டு இருந்தீங்களா?"

"வேற யாரப் பார்க்கறது."

அவள் அவன் முழங்காலில் கை வைத்தாள். "கால எடுங்க" என்றாள்.

"நேரம் இன்னும் முடியல. அக்கா ஊட்டுல கல்யாணத்துக்குச் சீர் சாமான் வந்து எறங்குது—"

"எடுங்கன்னா எடுங்க."

அவன் எடுத்தான். தவிடு கீழே விழுந்தது. குப்புராஜ் பழக்கத்தில், "முடிஞ்சுதுங்களா" என்று கேட்டபடி டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே சிலிண்டர்காரர் இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு பொன்வேல் நகர் மூன்றாவது வீதி ராகு காலத்துக்கு நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தது.

யசோதா அதற்குள் இறங்கி ஸ்பேனரை எடுத்துவிட்டாள். "எதக் கழட்டோணும், சொல்லுங்க."

கூட்டம் கூடியது. குப்புராஜ் கத்தினார், சங்கம் என்றார், ஒற்றுமை என்றார். ரங்கநாயகி அக்கா முறத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதார்கள். "என்ற புள்ள கல்யாணத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லோணும் யசோதா."

"அக்கா, ராகு காலம் ஒண்ணரை மணி நேரந்தான்" என்றாள் யசோதா, போல்ட்டைத் திருகிக்கொண்டே. "வூட்டுக்கு வூடு அவுங்கவுங்களத அவுங்கவுங்க எடுத்துக்கங்க. இத்தன நாளும் எல்லாத்தோடதையும் இவரு ஒருத்தரே எடுத்துக்கிட்டாரு. இனி அவருகிட்ட எடமில்ல."

மயில்சாமி வலதை இடதுக்குக் கொண்டுபோனான், இடதை வலதுக்குக் கொண்டுவந்தான். நிப்பிள் இப்போது வானத்தைப் பார்த்தது. திறந்துவிட்டான். முதலில் ஒன்றும் வரவில்லை, பிறகு ஒரு குமிழி வந்தது, பிறகு ஆயிலும் குமிழியுமாக வந்தது, யசோதா மேலே ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தாள், கடைசியில் குமிழி இல்லாமல் சொட்டியது. அதுவரை சுற்றி நின்றவர்கள் கத்திக்கொண்டேதான் இருந்தார்கள், கத்திய கத்தலில் ராகு காலம் எப்போது முடிந்தது என்று ஒருத்தரும் கவனிக்கவில்லை.

மயில்சாமி சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தான். கல் மாதிரி நின்றது. தலையை நீட்டிப் பார்த்தான். எதிர்வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுத்தபோது யசோதா பக்கத்து சீட்டில் இருந்தாள், கண்ணை இறுக மூடியிருந்தாள். குப்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீதியின் குறுக்கே வந்து நின்றார். "எப்பிடிப் போறீங்கன்னு நானும் பார்க்கறேன்" என்றார். மயில்சாமி பிரேக்கை மிதித்தான். அவர் வேட்டிக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. குப்புராஜ் நிற்கவில்லை, திட்டிக்கொண்டே இருந்தார். தான் மிதித்தும் ஒரு மனுஷன் நிற்காமல் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பதை மயில்சாமி ஆசை தீரக் கேட்டான். கடைசியில் அவரே ஓய்ந்து ஒதுங்கினார்.

யசோதா கண்ணைத் திறந்தாள். "நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சு."

"அப்பக் கோத்தகிரி போலாமுங்க."

போனார்கள். டீ குடித்துவிட்டு, வெயில் சாய்கிற நேரத்தில் இறங்கினார்கள். அந்தக் கொண்டை ஊசி வளைவு வந்ததும், மயில்சாமி மண்மேட்டுக்குப் பக்கத்திலேயே மெல்ல மிதித்து வண்டியை ஓரமாக நிறுத்தினான். அதே மண்மேடு, மேலே புல் முளைத்திருந்தது. இரண்டு பேரும் இறங்கவில்லை. பின்னால் மேட்டுப்பாளையம் பஸ் வந்து, வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்தது.

யசோதா கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, பஸ்ஸைப் போகச் சொன்னாள்.